பேராலயப் படியில் கழற்றிய சப்பாத்து

இன்று காலை பலெர்மோ பேராலய வாசலில் என் சப்பாத்து களவு போனது.

பதினொரு மணிக்குக் குவெஸ்தூராவில், அதுதான் விசா பார்க்கிற பொலிஸ் கந்தோரில், நேர்முகம். மனைவியும் மகளும் இரண்டு வருடமாகக் கொழும்பு லொட்ஜில் காத்திருக்கிறார்கள். அவர்களை இங்கே எடுப்பதற்கு இன்றைய நாளை விட்டால் அடுத்த வருடம்தான்.

அந்தக் காலத்து யாத்திரிகர்கள் கும்பிட்ட இடத்தைப் பார்த்து, நானும் ஒரு கும்பிடு போடலாம் என்று போனேன். நம்முடைய கோவில் பழக்கத்தில் படியிலேயே கழற்றிவிட்டேன்.

கூட வந்த மன்னார் அந்தோனி தலையில் கை வைத்தான். "அண்ணை, இஞ்சை சப்பாத்தோடைதான் உள்ளுக்குப் போறது! இனி வெறுங்காலோடை குவெஸ்தூராவுக்குப் போகப் போறியளோ?"

பல்லாரோ சந்தைக்கு ஓடினோம். சப்பாத்துக்காரன் முப்பதாயிரம் லீரா என்றான். நானும் வியாபாரிதானே, பதினையாயிரம் கேட்டேன். அவன் என் காலைப் பார்த்தான். கையிலிருந்த பேப்பர்க் கட்டையும் பார்த்தான்.

"நாற்பது."

நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். முடிவு தபாலில் வருமாம்.

நீங்கள் என்றால் அதற்கு மேலும் பேரம் பேசியிருப்பீர்களோ? நான் பேசவில்லை. நாற்பதாயிரம் லீரா, அதுவும் ஒரு சைஸ் பெரிது.