கரி எரிக்க ஆலங்குளம் போனோம்

போன சனிக்கிழமை காலையில் நான், வீட்டுக்காரர், மகள் மூன்று பேரும் ஈரத் தலையோடு காரில் ஆலங்குளம் போனோம். அங்கே எங்களுக்குச் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. கல்யாணம் இல்லை, துஷ்டி கேட்கச் சாவு வீடும் இல்லை. எதுவும் வாங்கக்கூடப் போகவில்லை. பிறகு எதற்கு என்கிறீர்களா? காருக்குள் சேர்ந்த கரியை எரிக்க!

சிரிக்காதீர்கள். புது டீசல் கார் வைத்திருப்பவர்களுக்கு இது புரியும்.

எங்கள் வீட்டுக்காரர் தென்காசியில் உரக்கடை வைத்திருக்கிறார். யூரியா வாங்க வருகிறவரிடமும் எங்கள் காரைப் பற்றித்தான் பேசுவார். ஒன்றரை லிட்டர் டர்போ டீசல். டார்க், அதாவது இழுவிசை, இருநூற்று ஐம்பது. "எந்த மலை ஏறுனாலும் மூச்சு வாங்காதுலா!" என்பார். அந்தக் கார் இதுவரை ஏறிய பெரிய மலை, பக்கத்துப் பண்பொழியில் இருக்கிற திருமலைக் கோயில் குன்று. அதுவும் ஒரே ஒரு தடவை.

மற்றபடி சாரல் தொடங்கிவிட்டால் எங்கள் கார் போகிற தூரம், தென்காசியிலிருந்து குற்றாலம். ஐந்து கிலோமீட்டர். சீசனில் இந்த ஊர்க்காரர்களுக்கு வீட்டுக் குளியலறை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். விடிந்ததும் தலையில் எண்ணெயைத் தேய்த்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு அருவிக்குக் கிளம்பிவிட வேண்டும். சீட்டில் எண்ணெய் படாமலிருக்க அவர் பழைய வேட்டியை விரித்து வைத்திருப்பார். வெளியூர்க் கார்கள் அடைத்து நிற்கிற ரோட்டில் இரண்டாவது கியருக்கு மேல் எங்கே போட?

ஆனாலும் டர்போவுக்குச் செய்கிற மரியாதையில் ஒரு குறையும் கிடையாது. அருவிக்கரையில் வண்டி நின்றதும் யாரும் இறங்கக்கூடாது. இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும்.

"டர்போ சூடா இருக்கும்லா... உடனே ஆஃப் பண்ணுனா ஆயில் நின்னு பேரிங் போயிரும். செத்த நேரம் பொறு."

நெடுந்தூரம் விரட்டி வந்த வண்டிக்குச் சொன்ன பேச்சு அது. ஊர்ந்து ஊர்ந்து வந்த எங்கள் வண்டியில் டர்போ எப்படிச் சூடாகும்? கண்ணெதிரே அருவி கொட்டும்... நாங்கள் எண்ணெய் வழிய உள்ளே உட்கார்ந்திருப்போம். குளித்துத் திரும்பினால் வீட்டு வாசலிலும் இதே பூஜை.

இதற்கு நடுவே வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. மகள் கோமதிக்குத் திருநெல்வேலியில் ஒரு லேபில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். "காரைக் குடுங்கப்பா, நானே ஓட்டிட்டுப் போயிட்டு வாரேன்" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். லைசென்ஸ் இருக்கிறது. ஓட்டவும் தெரியும். ஆனால் அப்பா பக்கத்தில் இருந்தால்தான் சாவி. அப்போதும் பக்கத்திலிருக்கிற மேலகரத்தைத் தாண்டக்கூடாது.

"மெயின் ரோடுட்டி அது. லாரி வரும், பஸ்ஸு வரும்... அதோட சீசன்ல அருவிக்கு வண்டி வேணும்லா?"

முதல் பாதி பயம். அது எனக்கும் இருந்தது, மறைப்பானேன்? இரண்டாம் பாதி வெறும் சாக்கு. கோமதி பஸ் நேரம் விசாரிக்கத் தொடங்கினாள். சண்டை போட்டிருந்தால்கூடத் தேவலாம் என்று எனக்குத் தோன்றியது.

அப்புறம்தான் அந்தச் சனிக்கிழமை. அருவியிலிருந்து வீட்டு வாசலுக்கு வந்து நின்றோம்... டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு! அவர் முகம் வெளிறிவிட்டது. காரில் இருந்தபடியே சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். இன்ஜினை ஆஃப் பண்ணாமல்தான்!

விஷயம் இதுதான். இப்போது வருகிற டீசல் கார்களில் புகை போகிற வழியில் ஒரு வடிகட்டி இருக்கிறது. கரியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வண்டி நன்றாகச் சூடேறி, ஒரே சீராக ஓடினால் அந்தக் கரி தானாக எரிந்துவிடும். பக்கத்திலேயே போய் வந்துகொண்டிருந்தால், நின்ற இடத்தில் இன்ஜினை ஓடவிட்டால் — கரி சேர்ந்துகொண்டே போகும். ரொம்ப அடைத்துவிட்டால் வண்டி இழுக்காது. மனிதர் பொத்திப் பொத்தி வைத்ததில்தான் அடைத்திருக்கிறது!

"மெயின் ரோட்டுல அறுபதுக்குக் குறையாம இருபது நிமிஷம் ஓட்டிப் பாருங்க சார். விளக்கு அணையலைன்னா கொண்டு வாங்க" என்றார்கள் போனில்.

"எனக்குத் தெரியாதாக்கும்" என்று முணுமுணுத்தபடி வண்டியைத் திருப்பினார். எங்களைத் தலை துவட்டக்கூட விடவில்லை.

திருநெல்வேலி போகிற வழியில் பாவூர்சத்திரம் தாண்டினால் நல்ல ரோடு. ஆனால் அவர் கால் நாற்பதுக்கே பழகிவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

"மிதிங்கப்பா" என்றாள் கோமதி, பின் சீட்டிலிருந்து.

"மிதிக்கேன்லா!"

முள் நாற்பத்தைந்தைத் தொடும். முன்னால் ஒரு லாரி தெரியும். மறுபடி நாற்பது. விளக்கு அப்படியே எரிகிறது. அருவியில் குளித்து வந்த மனிதருக்கு வியர்த்துக் கொட்டியது.

"ப்பா, ஓரமா நிறுத்துங்க. நான் ஓட்டுதேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் விளக்கைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் இறங்கிப் பக்கத்து சீட்டுக்கு வந்தார்; நான் பின்னால் போனேன்.

கோமதி நாலாவது கியருக்கு வந்ததும் முள் அறுபத்தைந்தில் போய் நின்றது. லாரியைக் கண்டால் பின்னால் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு, பதறாமல் விலகிப் போனாள். பக்கத்து சீட்டில் அவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார். கொஞ்ச நேரத்தில் அதையும் நிறுத்திவிட்டார். இன்ஜின் சத்தமே மாறிவிட்டது... பெற்றவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பின் சீட்டில் நான் சத்தமில்லாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆலங்குளம் தாண்டியதும் விளக்கு அணைந்தது.

ஒரு டீக்கடை முன்னால் நிறுத்தினாள். சாவியில் கை வைத்தாள்.

"செத்த நேரம் பொறுட்டி. இப்பதான் டர்போ நிசமாவே சூடா இருக்கும்!"

உட்கார்ந்திருந்தோம். இன்ஜின் சன்னமாக ஓடியது. அவர் ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்:

"திங்கக்கிழமையிலருந்து வண்டிய நீயே எடுத்துட்டுப் போ."

"நிசமாவாப்பா?"

"வண்டி தினமும் தூரமா ஓடணும்லா? அதுக்காவத்தான் சொல்லுதேன்."

வண்டிக்காகத்தானாம்! கோமதி சிரிப்பை அடக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினாள்.

திங்கட்கிழமை அவள் காரில் திருநெல்வேலிக்குக் கிளம்பினாள். நாங்கள் ஆட்டோவில் அருவிக்குப் போனோம். ஆட்டோ நின்றதும் நான் இறங்கப் போனேன். "செத்த நேரம் பொறு" என்றார் அவர்.

"அண்ணாச்சி, ஆட்டோவுக்கு ஏது டர்போ?" என்று, அவரை நன்றாகத் தெரிந்த டிரைவர் சிரித்தார்.

அவர் காதில் போன் இருந்தது. "போய்ச் சேந்துட்டியாட்டி? லாரி எதுவும் இடிக்க வரலைலா? சாப்பிட்டியா?"

வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்க மறந்தே போய்விட்டார்.