வெர்டெல்லா ப்ரூயிட்டின் பெயரை மறைத்தவள்

க்ளெண்டா ஹாவர்த்துக்குப் பாம்புக் காது. வாட்டர்ஃபுட் செருப்புத் தொழிற்சாலையில், நாற்பது இயந்திரங்கள் ஒன்றாகக் கத்தும் அடிப்பாகம் ஒட்டும் பிரிவில் நின்றபடி, மூலையில் முனகும் வானொலியில் எந்தப் பாட்டில் மேளக்காரன் கை தடுமாறியது என்று சொல்லிவிடுவாள். படிப்பு பத்தாவதோடு சரி. ஆனால் அமெரிக்கக் கறுப்பர்களின் சோல் பாட்டு என்று வந்துவிட்டால், எந்த ஊரில், எந்தக் கம்பெனி, எந்த ஆண்டு என்று நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். வட இங்கிலாந்தில் எங்கள் பள்ளத்தாக்கில் இதையெல்லாம் ஆண்கள் மூக்கை உயர்த்திக்கொண்டு பேசுவார்கள். க்ளெண்டா பேசமாட்டாள். அவளுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

அப்போது ஞாயிற்றுக்கிழமை மதியமானால் ராட்டன்ஸ்டால் மில்கேட் ஹாலில் ஆட்டம். கால் சறுக்குவதற்காகத் தரையில் முகப்பவுடரைத் தூவிவிட்டு, வியர்வை பிழியப் பிழிய ஆடுவார்கள். சாராயம் கிடையாது. டீயும், பட்டாணிக் கூழ் ஊற்றிய, இறைச்சி வைத்துச் சுட்ட பணியாரமும்தான். அமெரிக்காவில் ஒருத்தரும் வாங்காமல் தூக்கி எறிந்த இசைத்தட்டுகள் இங்கே தங்கம். நாலு பேருக்குத் தெரிந்த பாட்டு என்றால் மதிப்பு போயிற்று. ஒருத்தரிடம் மட்டும் இருந்தால் அவன் ராஜா.

1975இல், இருபது வயதில், க்ளெண்டாவுக்கு அது வாய்த்தது. பக்கத்துப் பரி நகரத்துச் சந்தையில் அமெரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாக வந்த பழைய தட்டுகளைப் பத்துப் பென்ஸ் விலையில் கொட்டி வைத்திருந்தான் ஒருவன். மூன்று மணி நேரம் குனிந்து புரட்டினாள். பச்சை லேபிள் ஒட்டிய ஒன்று கைக்கு வந்தது. பாடியவர் வெர்டெல்லா ப்ரூயிட். பாட்டு, 'கடைசி பஸ்ஸும் போயாச்சு'. ஊர் அமெரிக்காவில் டொலிடோ. இந்தப் பெயரை அவள் கேள்விப்பட்டதே இல்லை. அவள் கேள்விப்படவில்லை என்றால் யாரும் கேள்விப்படவில்லை என்று அர்த்தம்.

வீட்டில் போட்டுக் கேட்டாள். இரண்டாவது சரணத்தின் முடிவில் மேளக்காரன் இரண்டு அடி அடிக்க மறந்துவிடுகிறான். அந்த வெற்றிடத்தில் பாடுகிறவள் ஒரு மூச்சு இழுக்கிறாள், பிறகு வீட்டுக் கூரை பறக்கிற மாதிரி மேலே போகிறாள். க்ளெண்டா கட்டிலில் உட்கார்ந்தாள், எழுந்தாள், மறுபடி போட்டாள். அன்று சாப்பாடு ஆறிப் போயிற்று.

செய்தி கசிந்து மில்கேட் ஹாலை நடத்திய ரே க்ராஸ்லியின் காதுக்கு எட்டியது. தேடி வந்துவிட்டான்.

"அந்தத் தட்டைக் குடு, க்ளெண்டா. ஞாயித்துக்கிழமை நான் போடறேன். பொம்பளைங்க ஆடணும், தட்டுப் போடறது எங்க வேலை."

"தட்டு வேணும்னா போடற கையும் சேர்ந்துதான் வரும். வேணாம்னா சொல்லு, நான் வீட்லயே கேட்டுக்கறேன்."

ரே முனகினான், முறைத்தான், கடைசியில் மேடையை விட்டுக் கொடுத்தான். மில்கேட் ஹாலில் தட்டுப் போட்ட முதல் பெண் அவள்தான்.

போடுவதற்கு முன் ஒரு காரியம் செய்ய வேண்டியிருந்தது. எல்லோரும் செய்வதுதான். பெயர் தெரிந்துவிட்டால் போட்டிக்காரன் அன்றைக்கே அமெரிக்காவுக்குக் கடிதம் எழுதி ஒரு பெட்டி தட்டு இறக்கிவிடுவான். ஆகையால் லேபிள் மேல் வேறு காகிதம் ஒட்டி, வாயில் வந்த ஒரு பெயரை எழுதிவிடுவார்கள். க்ளெண்டா ஒட்டியது தொழிற்சாலைப் பசையால். அந்தப் பசையில் ஒட்டிய செருப்பு தேய்ந்து போகுமே தவிரப் பிரியாது. எழுதியது தன் மேற்பார்வையாளர் பெயரை, 'டாட்டி க்ரீன்வுட்' என்று. பாட்டுக்கும் ஏதோ ஒரு பொய்ப் பெயர் வைத்தாள்.

அந்த ஞாயிறு ஹால் பைத்தியமாகிவிட்டது. மேளம் மறந்த அந்த இரண்டு அடி வந்ததும், யாரும் சொல்லித் தராமலே முந்நூறு பேர் கையைத் தட்டி நிரப்பினார்கள். படார், படார். அன்றிலிருந்து அது வழக்கமாயிற்று. வடக்கே எந்த ஊர்ப் பிள்ளைகள் வந்தாலும் 'டாட்டி க்ரீன்வுட் போடு' என்று கத்துவார்கள்.

தொழிற்சாலையில் டாட்டி அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்தாள். "ஏண்டி, எம்பேர்ல எவளோ பாடறாளாமே? என் குரலைக் கேட்டா நாய்கூட ஓடிரும். சரி, வர்ற காசுல எனக்குப் பங்கு உண்டா?"

"காசு வந்தா முதல்ல உங்களுக்குத்தான்."

"வந்தாப் பாக்கலாம். இப்ப போய் வேலையைப் பாரு."

காசு வந்தது, ஆனால் க்ளெண்டா வாங்கவில்லை. எண்பதுகளில் முந்நூறு பவுண்டு தருகிறேன் என்றார்கள். ஒருத்தன் மோட்டார் சைக்கிளையே சாவியோடு நீட்டினான். தொண்ணூற்றெட்டில் நாலாயிரம். கீத் ஷட்டில்வொர்த் என்று ஒரு தட்டு வியாபாரி, அவள் கூட ஆடியவன், ஆண்டுதோறும் விலைப்புத்தகம் போடுவான். அதில் 'டாட்டி க்ரீன்வுட்: உண்மைப் பெயர் தெரியாது, ஒரே பிரதி, விலை சொல்ல முடியாது' என்று அச்சடித்திருந்தான். பேருந்து ஓட்டும் அவள் கணவன் நெவிலுக்குக்கூடப் பெயர் தெரியாது. முப்பத்து நாலு ஆண்டு ஒரு பெண் ஒரு சொல்லை வாயைத் திறந்து சொல்லாமல் இருந்தாள் என்றால், அதற்கு நெஞ்சில் உரம் வேண்டும். நான் அவளை மெச்சுகிறவன். இருந்தாலும் அந்த உரத்தில் கொஞ்சம் கர்வமும் கலந்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

2009இல் தொழிற்சாலை மூடியது. நெவிலுக்கு இடுப்பு எலும்பு தேய்ந்து, மாடிப்படி ஏறுவது மலை ஏறுவதாயிற்று. கடலோரம் க்ளீவ்லிஸில் படியில்லாத சின்ன வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தார்கள். முன்பணத்தில் பதினோராயிரம் குறைந்தது. அந்த நேரம் பார்த்துக் கீத் மூச்சு வாங்க ஓடி வந்தான்.

"பதினோராயிரம், க்ளெண்டா! ஒரு ஜப்பான்காரர் தர்றாராம். ஒரே ஒரு கண்டிஷன். உண்மைப் பேர் அவருக்கு மட்டும்தான் தெரியணும். பிரிக்காத காகிதத்தோடதான் வேணுமாம். ஞாயித்துக்கிழமை ஹாலுக்கு வந்து வாங்கிக்கறாராம், அது வரைக்கும் வாயைத் தெறந்துடாதே."

"இத்தனை வருஷம் தெறக்காதவ இப்பத்தானா தெறப்பேன்?" என்றாள் க்ளெண்டா. நெவில் அன்று தடியை ஊன்றாமலே அடுப்படிக்குப் போய் டீ போட்டான்.

வேலை போனவர்களுக்கு நூலகத்தில் கணினி வகுப்பு நடத்தினார்கள். எல்லோரும் முதலில் தங்கள் பெயரைத் தட்டிப் பார்த்தார்கள். க்ளெண்டாவும் தட்டினாள், ஒன்றும் வரவில்லை. இடமும் வலமும் பார்த்துவிட்டு வெர்டெல்லா ப்ரூயிட் என்று தட்டினாள்.

டொலிடோ நகரச் செய்தித்தாள் ஒன்று வந்தது. பள்ளிக்கூடச் சமையற்கூடத்தில் முப்பத்தெட்டு ஆண்டு வேலை பார்த்த அம்மாளுக்கு வழியனுப்பு விழா. தலையில் வலை போட்ட, அகன்ற முகத்துப் பெண்மணி, எழுபத்தொரு வயது. கீழே அவர் சொன்னதைப் போட்டிருந்தார்கள். 'சின்ன வயசில் ஒரு பாட்டுப் பாடினேன். ஒரு தட்டுகூட விற்கவில்லை. மேளக்காரர் தப்புப் பண்ணிவிட்டார், அதனால்தான் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு நான் பாடவில்லை.'

க்ளெண்டா அந்தக் கடைசி வரியை நாலு முறை படித்தாள்.  அந்தத் தப்பு வரும் இடத்துக்காகவே ஒரு தலைமுறை காத்திருந்து கை தட்டியிருக்கிறது. அந்த அம்மாள் அங்கே கரண்டி பிடித்துக்கொண்டு, தன்னை யாருமே கேட்கவில்லை என்று நினைத்திருக்கிறார். இதற்குக் காரணம் ஒரு துண்டுக் காகிதம். ஒட்டியது யார்?

வீட்டுக்கு வந்து நெவிலிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"வித்துட்டு அப்புறம் அந்தம்மாகிட்டச் சொல்லேன்," என்றான் அவன்.

"ரகசியத்துக்குத்தானே அந்த ஆள் காசு குடுக்கறாரு? வாங்கிட்டு அவுத்து விட்டா அது திருட்டு. வித்துட்டு வாயை மூடிக்கிட்டா, அந்தம்மா தெரியாமலே போய்ச் சேந்துடுவாங்க. நெவில், உன் இடுப்பு..."

நெவில் இடுப்பைத் தடவிக்கொண்டான். "பஸ் ஓட்டினவன் நான். ஏத்தாம விட்ட ஆளைக் கண்ணாடியில பாத்துக்கிட்டே போறது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும். போன் பண்ணு. இந்தப் படி எங்கேயும் ஓடிடாது, உக்காந்து உக்காந்து ஏறிக்கறேன்."

எண்ணைத் தேடிப் பிடிக்க இரண்டு நாள் ஆயிற்று. எடுத்தது ஒரு கனத்த குரல்.

"யாரும்மா நீ? எதை விக்கற? எனக்கு ஒண்ணும் வேண்டாம்."

"எதையும் விக்கலைங்கம்மா. இங்கிலாந்துலேருந்து பேசறேன். உங்க பாட்டு எங்கிட்ட இருக்கு."

"எந்தப் பாட்டு? என்கிட்டயே இல்லை. தண்ணி பூந்து எல்லாம் போச்சு."

க்ளெண்டா தட்டைப் போட்டுத் தொலைபேசியை அதன் பக்கத்தில் வைத்தாள். இரண்டரை நிமிடம். பாட்டு முடிந்ததும் தொலைபேசியை எடுத்தாள்.

"அம்மா, முப்பத்தி நாலு வருஷமா இதுக்கு இங்க ஜனம் ஆடுது. ஆயிரக்கணக்கான பேரு."

"ஆயிரமா?" குரல் இளகிற்று. "என் பேரைச் சொல்லியா?"

இந்த இடத்தில் பொய் சொல்வது சுலபம். க்ளெண்டா சொல்லவில்லை. காகிதம், பசை, டாட்டி க்ரீன்வுட், எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"அந்த டாட்டி யாரு? நல்லாப் பாடுவாளோ?"

"செருப்புத் தொழிற்சாலையில எங்க மேற்பார்வைங்கம்மா. பாடவே வராது."

"பாடவே வராதவ பேரா எனக்கு வச்சே?" டொலிடோவில் பெருமூச்சு ஒன்று கேட்டது. "முதல்ல அந்தப் பேரை எடு. எடுத்துட்டு அப்புறம் என்னைக் கூப்பிடு." தொலைபேசி வைக்கப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை மில்கேட் ஹாலில், நரைத்தும் வழுக்கையாகியும் விடாமல் ஆடுகிற முந்நூறு பேர். ஜப்பான்காரர் முதல் வரிசையில் பணிவாக உட்கார்ந்திருந்தார். க்ளெண்டா அவரிடம் போய், தட்டு விற்பனைக்கு இல்லை என்று மன்னிப்புக் கேட்டாள். பிறகு மேடை ஏறினாள். காகிதத்தின் ஓரத்தில் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். செருப்புப் பசை தன் குணத்தைக் காட்டியது. டாட்டி க்ரீன்வுட்டோடு பச்சை லேபிளும் பாதி பிய்ந்து வந்தது.

"லேபிள்! ஐயோ, லேபிள் போச்சே!" என்று கீத் அலறினான், பெற்ற பிள்ளை மாடியிலிருந்து விழுந்ததுபோல. ஆனால் அடுத்ததைத்தான் அவனால் பார்க்கவே முடியவில்லை. லேபிள் மேல் பேனா படுவது இவர்கள் உலகத்தில் மகாபாவம், பாதி விலை அதிலேயே போய்விடும். க்ளெண்டா பேனாவை எடுத்து, பிய்ந்த இடத்தில், பெரிய எழுத்தில் 'வெர்டெல்லா ப்ரூயிட்' என்று எழுதினாள். எழுதி உயர்த்திக் காட்டி, ஒலிபெருக்கியில் பெயரைச் சொன்னாள். ஊரைச் சொன்னாள். பள்ளிக்கூடச் சமையற்கூடத்தையும் சொன்னாள். 

டொலிடோவைக் கூப்பிட்டு, நெவிலின் கைப்பேசியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு தட்டைப் போட்டாள். கால்கள் சறுக்கின. மேளம் மறந்த இடம் வந்தது. முந்நூறு பேர் தட்டிய தட்டலில் மேடைப் பலகை அதிர்ந்தது.

பாட்டு முடிந்ததும் கைப்பேசியைக் காதில் வைத்தாள்.

"நடுவில என்னமோ வெடிச்சுதே, அது என்ன?"

"கை தட்டினாங்கம்மா. மேளக்காரரு விட்ட இடத்துல. எப்பவும் தட்டுவாங்க. அந்த இடத்துக்காகத்தான் வர்றதே."



"அந்த ஆளை நான் நாப்பது வருஷமா திட்டிக்கிட்டு இருந்தேன்," என்றார் வெர்டெல்லா. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். "தட்டை நிறுத்தி வை. அந்தப் போனை மைக்குப் பக்கத்துல பிடி."

க்ளெண்டா பிடித்தாள். எழுபத்தொரு வயதுக் குரல், வாத்தியம் எதுவும் இல்லாமல், கொஞ்சம் கரகரப்பாக முதல் அடியை எடுத்தது. மில்கேட் ஹாலில் ஒருத்தரும் ஆடவில்லை. ஆண்கள் தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார்கள். கீத் குழந்தைபோல அழுதான். இரண்டாவது சரணத்தின் முடிவுக்கு வந்ததும் அம்மாள் நிறுத்தி மூச்சை இழுத்தார், இழுத்தபடி காத்திருந்தார், முந்நூறு பேரும் அந்த இரண்டு அடியை அவருக்காகத் தட்டினார்கள்.