கொண்டிஸ் டப்பாவோடு காட்டுக்குள்

காட்டுக்குள் ஆட்களைக் கூட்டிப் போகிறவனுக்கு யானை பெரிய கரைச்சல் இல்லை. யானையைக் கண்டால் எல்லாரும் சொன்னபடி கேட்பார்கள், தண்ணீரைக் கண்டால்தான் ஒருத்தரும் கேட்க மாட்டார்கள்.

நான் சாய்ந்தமருதுக்காரன். கல்முனையிலிருந்து ஜீப்பில் ஆட்களை ஏற்றிக்கொண்டு போய் லாகுகல, பாணமை, குமனைப் பக்கம் கூடாரம் அடித்துத் தங்க வைத்துத் திருப்பிக் கொண்டுவருவது எங்கள் தொழில். அன்ரன் அண்ணன் ஜீப் ஓட்டுவார், மீராசா காக்கா சமைப்பார். தண்ணீரும் நெருப்பும் என் பொறுப்பு. கலங்கலை அடியில் இறக்கச் சீனக்காரம், கிருமியைக் கொல்லக் குளோரின் வில்லை, வில்லை இல்லாத நேரத்துக்கு ஊதா நிறத்தில் சீனி மாதிரி மினுங்கும் கொண்டிஸ் என்கிற பொட்டாசியம் பெர்மாங்கனேற்று, அந்தக் கொண்டிஸில் இரண்டு சொட்டு விட்டால் தானாகவே தீப்பிடிக்கும் கிளிசரின் — என் கையிருப்பு இவ்வளவுதான். தண்ணீர்க் கானுக்குப் பக்கத்தில் நின்று “இன்னும் கொஞ்சம் பொறுங்க” என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறண்ட என் தொழில்காரர்களே, உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இராது. மற்றவர்கள் தெரிந்துகொள்ளட்டும்.

தேசிக்காய்

மருதமுனையில் கைத்தறிச் சாரன் நெய்விக்கும் ஹாஜியார் ஒருவர் தன் கூட்டாளிமாரோடு லாகுகலைக்கு யானை பார்க்க வந்தார். நல்ல வெயில். குளத்துத் தண்ணீரை அள்ளிச் சீனக்காரம் கலக்கி, தெளிந்ததை வேறு கானில் வடித்து, குளோரின் வில்லை போட்டுவிட்டு, அரை மணித்தியாலம் பொறுக்கும்படி சொன்னேன். கூடாரக் கயிறு கட்ட அந்தப் பக்கம் போய்த் திரும்புவதற்குள் ஹாஜியார் மீராசா காக்காவின் கூடையில் இருந்த தேசிக்காய்களை எடுத்துக் கானுக்குள் பிழிந்துவிட்டார். மருந்து மணம் போயே போய்விட்டது. கோப்பைகளில் ஊற்றிக் கூட்டாளிமாருக்கு நீட்டிக்கொண்டு நின்றார்.

நான் ஓடிப்போய்க் கோப்பைகளின் மேல் கையை வைத்தேன். “ஹாஜியார், மணம் போச்செண்டா மருந்தும் போச்சு. தேசிக்காய் குளோரினத்தான் சாகடிச்சிரிக்கு, கிருமிய இல்ல” என்று சொல்லிவிட்டுக் கான் முழுவதையும் அவர்கள் கண்முன்னால் நிலத்தில் சரித்தேன். தாகத்தில் நிற்கிற ஆம்பிளைகள் முன்னால் தண்ணீரை ஊற்றுவது லேசான வேலை இல்லை. அவர்களில் ஒருவர் அதோடு என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். மறுபடி குளம், மறுபடி சீனக்காரம், மறுபடி வில்லை. நேரம் ஆனதும் நானே தேசிக்காய் பிழிந்து முதல் கோப்பையை ஹாஜியாரிடம் கொடுத்தேன். குடித்து முடித்துத் தாடியைத் துடைத்துக்கொண்டு கூட்டாளிமாரைப் பார்த்துச் சொன்னார்: “நூலுக்குச் சாயம் ஊற முதல் எடுத்தா நான் வேலைக்காரனுக்கு ஏசுவன். இண்டைக்கு எனக்கு ஏச ஆள் இல்லாம ஒரு கான் தண்ணி போச்சு.”

ஒரே பை

மீராசா காக்கா ஒழுங்கு பார்க்கிறவர். கரண்டிக்கு ஒரு இடம், கத்திக்கு ஒரு இடம். பொருட்கள் பரவிக் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது. ஒருமுறை பாணமையில் முகாமைக் கழற்றும்போது, ஜீப்பின் முன்பக்கம் ஒரு டப்பாவும் பின்பக்கம் ஒரு போத்தலுமாக என் சாமான்கள் இருப்பதைப் பார்த்து அவருக்கு மனம் கேட்கவில்லை. இரண்டையும் எடுத்து ஒரு துணிப்பையில் போட்டு, கூடாரச் சீலைகளுக்கு மேல் பத்திரமாக வைத்துவிட்டார். டப்பாவில் கொண்டிஸ். போத்தலில் கிளிசரின்.

மணல் ரோட்டில் ஜீப் குலுங்கிக் குலுங்கிப் போனதில் இரண்டின் மூடியும் இளகியிருக்க வேண்டும். பின்சீட்டில் ஒரு குடும்பம், தாயின் மடியில் சின்னப் பிள்ளை. அன்ரன் அண்ணன்தான் முதலில் மூக்கை உறிஞ்சினார். திரும்பிப் பார்க்கிறேன், துணிப்பை புகைகிறது. “நிப்பாட்டுங்க, எல்லாரும் இறங்குங்க” என்று சொல்லிக்கொண்டே பையின் நுனியைப் பிடித்து வெளியே வீசினேன். மணலில் விழுந்ததும் குப்பென்று பிடித்தது. நிறம் என்னவோ அழகுதான். கூடாரச் சீலையில் கருகிய ஓட்டை ஒன்று மட்டும் மிச்சம். தாய் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டோரம் நின்றாள். மீராசா காக்காவின் முகத்தில் இரத்தமே இல்லை. அவரை ஏச எனக்கு வாய் வரவில்லை, அன்ரன் அண்ணன்தான் அவர் தோளில் கையைப் போட்டு ஆறுதலாகச் சொன்னார்: “காக்கா, அதுகள் ரெண்டும் நிச்சயம் பண்ணின மாப்பிள்ளையும் பொம்பிளையும். கலியாணத்துக்கு முதல் ஒரே அறையில விடப்படாது.”

தெளிந்த வாய்க்கால்

மலையேற வந்த வாலிபர் குழு ஒன்று. குழுத் தலைவர் கொழும்பில் பெரிய வேலை பார்க்கிறவர். காட்டு வாழ்க்கை பற்றிப் படம் நிறையப் பார்த்திருந்தார். காட்டுக்குள் நுழைய முன் கடைசி வயல்வெளியில் ஜீப்பை நிறுத்தி, எனக்கு முன் இறங்கி, வாய்க்காலில் கான்களை நிரப்பிவிட்டார்கள். தண்ணீர் கண்ணாடி மாதிரி. “ஒங்கட வில்லையப் போடுங்க, போவம்” என்றார் தலைவர். நான் குனிந்து பார்த்தேன். வாய்க்கால் வயலிலிருந்து வடிகிற பக்கம் இருந்தது. கரையில் மருந்தடிக்கும் தாங்கி கழுவிக் கவிழ்த்திருந்தது, தண்ணீரின் மேல் எண்ணெய் மினுக்கம். மீனோ தவளையோ ஒன்றையும் காணவில்லை.

“இது வேணாம். திரும்பிப் போய் ஊர்க் கிணத்தில அள்ளுவம்” என்றேன். அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நேரம் போகிறது, மருந்து கையில் இருக்கிறது, பிறகென்ன என்று கேட்டார். “குளோரின் கிருமியைக் கொல்லும், நஞ்சைக் கொல்லாது. கொதிக்க வெச்சாலும் போகாது. இந்தக் கானுகளை ஏத்தினா நான் வரல்ல” என்று சொல்லி ஜீப்பில் சாய்ந்து நின்றேன். பயணத்தையே விட்டுவிட்டு வேறு ஆட்களைப் பிடிக்கப் போவதாகச் சொன்னார். அன்ரன் அண்ணன் என்னைப் பார்த்தார், நான் அசையவில்லை. அந்த நேரம் மாவடிப்பள்ளியிலிருந்து வந்து அங்கே குத்தகைக்கு வயல் செய்கிற ஒருவர் மண்வெட்டியோடு வரம்பால் வந்தார். நிரப்பி வைத்த கான்களைப் பார்த்துவிட்டு, யாரையும் குற்றம் சொல்லாத குரலில் தலைவரிடம் கேட்டார்: “காலையில புல்லுக்கு மருந்தடிச்ச தண்ணி, தம்பி. மாடு கூட மணந்து பாத்துட்டுப் போச்சு. நீங்க என்னத்துக்கு அள்ளுறீங்க?”

ஈர விறகு

மாரி தொடங்கிய பிறகு காட்டுக்குப் போகக் கூடாது என்று எங்களுக்குள் ஒரு முடிவு உண்டு. ஆனால் பறவை கணக்கெடுக்கிற ஒரு சின்னக் குழு, வலசைப் பறவை வருவதே அப்போதுதான் என்று கெஞ்சியதால் போனோம். அந்தக் குழுவில் காரைதீவைச் சேர்ந்த சியாமளா ரீச்சர் இருந்தார், விஞ்ஞானம் படிப்பிக்கிறவர். மத்தியானம் வில்லு என்கிற சதுப்புக் குளத்தின் கரையில் நிற்கும்போது மழை கொட்டத் தொடங்கியது. குறுக்கே இருந்த சின்ன ஓடை நாங்கள் திரும்பும்போது இடுப்பளவு. கயிறு கட்டிக் கடந்தோம். ரீச்சர் நடுவில் வழுக்கித் தலை முழுக முங்கி எழுந்தார். பிடித்து இழுத்துக் கரை சேர்த்தாயிற்று. ஆனால் ஜீப் நிற்கிற இடத்துக்கு வந்தபோது அவர் பற்கள் அடித்துக்கொண்டன. பெயரைக் கேட்டால் பதில் சொல்ல நேரம் எடுத்தார். அன்ரன் அண்ணன் ஜீப்பை முடுக்கிப் பார்த்தார். சில்லு சேற்றில் புதைந்து அச்சுவரை இறங்கியிருந்தது.

மழைக்கு மறைப்பாகப் படங்குச் சீலையை இரண்டு மரத்துக்கிடையில் இழுத்துக் கட்டினோம். ரீச்சரோடு வந்த இன்னொரு பெண் அவருக்கு உலர்ந்த உடுப்பு மாற்றிவிட்டாள். நெருப்புப் பெட்டி எல்லாம் கூழ். லைட்டர் பொறிகூட விடவில்லை. பட்டுப்போய் நின்ற ஒரு வீரை மரக் கொப்பை மீராசா காக்கா வெட்டிப் பிளந்து, உள்ளே ஈரம் போகாத நெஞ்சைச் சீவல் சீவலாகச் சீவினார். சமையலுக்கு ஏற்றி வந்த தேங்காய்ச் சிரட்டை மூடையும் பொலித்தீனுக்குள் காய்ந்தே இருந்தது. ஒரு சிரட்டையைக் கவிழாமல் வைத்து அதில் கொண்டிஸைக் குவித்து, நடுவில் குழி செய்து கிளிசரினை விட்டேன்.

ஒன்றும் நடக்கவில்லை. குளிரில் கிளிசரின் தேன் மாதிரி இறுகிப்போயிருக்கும், அதற்கு நேரம் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். சுற்றி நின்றவர்களுக்குத் தெரியாது. ஒருவர் ஊதிப் பார்க்கக் குனிந்தார், நெஞ்சில் கை வைத்துத் தள்ளினேன். ரீச்சரின் நடுக்கம் குறையத் தொடங்கியிருந்தது. அது நல்ல அடையாளம் இல்லை. உடம்பு போராட்டத்தை விடுகிறது என்று அர்த்தம். மனதுக்குள் ஸலவாத்து ஓதிக்கொண்டு சிரட்டையை விட்டுக் கண்ணை எடுக்காமல் இருந்தேன். பிறகு ஒரு நூல் புகை, ஒரு சீறல், ஊதா நாக்கு ஒன்று எழும்பியது. சீவலைக் கொடுத்தேன், பிடித்தது. சிரட்டையைக் கொடுத்தேன், எரிந்தது. காக்கா கேத்தலை ஏற்றினார். சீனி அள்ளிப் போட்ட சுடு பிளேன்ரீயை ரீச்சருக்கு மிடறு மிடறாகப் பருக்கினோம். நடுக்கம் திரும்பி வந்தபோது எனக்குச் சந்தோசத்தில் கண் கலங்கிவிட்டது. பொழுது சாய முன் அந்த வழியால் வந்த உழவு மெசின் ஒன்று ஜீப்பை இழுத்துவிட்டது. ஏற முன் ரீச்சர் கருகிய சிரட்டையை எட்டிப் பார்த்தார். “இதை நான் ஆய்வுகூடத்தில பிள்ளைகளுக்கு ஒவ்வொரு வருசமும் செஞ்சு காட்டுறன்,” என்றார், “என்னை ஒருநாள் இது காப்பாத்துமெண்டு பாடத்தில போடல்ல.”

ரோசாத் தண்ணி

குமனைப் பக்கம் ஆற்றங்கரை முகாம். வந்திருந்தவர்கள் பள்ளிவாசல் ஒன்றின் நிர்வாகத்தார், கூடவே அவர்களுடைய மௌலவி. குளோரின் வில்லைப் பெட்டி முந்தின பயணத்தில் நனைந்து கெட்டுப்போயிருந்ததால், வடித்துத் தெளிந்த தண்ணீரில் அளவாகக் கொண்டிஸ் போட்டிருந்தேன். இளஞ் சிவப்பாக, ரோசாப்பூ நிறத்தில் இருந்தது. அஸர் தொழுகை நேரம் கடக்கப் பார்த்தது. ஆற்றில் இறங்கி, தொழுகைக்கு முன் முகம் கைகால் கழுவும் வுழுவைச் செய்யலாமென்றால் எதிர்க்கரையில் முதலை ஒன்று வாயைத் திறந்துகொண்டு வெயில் காய்ந்தது. ஒருவரும் இறங்கமாட்டோம் என்றார்கள். கானில் இருக்கும் தண்ணீரால் வுழுச் செய்துவிடுவோம் என்று ஒருவர் குழாயைத் திறக்கப் போனார்.

மௌலவி தடுத்தார். கோப்பையில் கொஞ்சம் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார், மணந்தார், ருசி பார்த்தார், முகத்தைச் சுளித்தார். “என்ன போட்ட?” என்று கேட்டார். சொன்னேன். நிறம் மாறியிருக்கிறதா என்று கேட்டார். ஓம் என்றேன். ருசி? அதுவும்தான். இல்லையென்று தலையை ஆட்டிக் கோப்பையைத் திருப்பித் தந்தார். நான் வாளியில் கயிற்றைக் கட்டி, உயரமான கரையில் நின்றுகொண்டே ஆற்றில் வீசி அள்ளிக் கொடுத்தேன். கலங்கலாக இருந்தாலும் மருந்து சேராத ஆற்றுத் தண்ணீர், வுழுவுக்கு அது போதும். எல்லாரும் முடித்துத் தொழுகைக்கு நிற்கும்போது மௌலவி என் ரோசாக் கானைக் காட்டித் தீர்ப்புச் சொன்னார்: “இது தண்ணியில சேராது, சர்பத்தில சேரும். தொழுதுட்டு வந்து குடிப்பம்.”

சுண்ணாம்பு

கதிர்காமத்துக்கு நடந்து போகிற சனம் உகந்தையில் கூடுகிற காலத்தில் நாங்கள் தொழிலை நிறுத்திவிட்டு, ஜீப்பில் தண்ணீர்த் தாங்கி ஏற்றிக்கொண்டு போய்க் கொடுப்போம். காட்டுப்பாதையில் வயிற்றோட்டம் வந்தால் தூக்கி வர ஆளில்லை. ஒருவருக்கு வந்தால் பின்னால் வருகிற அத்தனை பேருக்கும் வரும். அதனால் தாங்கிக்குக் குளோரின் தூள் போட்டே ஆக வேண்டும். திருக்கோவிலில் இருந்து வந்த ஒரு குழுவுக்கு முன்னால் மகேஸ்வரி அக்கா என்று ஒருவர், கையில் வேல். அவர் மணந்து பார்த்துவிட்டுக் கோப்பையைத் திருப்பித் தந்தார். “விரதக்காரர் நாங்க, சாமி. மருந்து வேணாம். வழியில மோட்டையில குடிப்பம்.” அவர் குடிக்காவிட்டால் பின்னால் நின்ற ஒருத்தரும் குடிக்கமாட்டார்கள் என்பது அவர்களுடைய முகத்தில் தெரிந்தது. அந்த மோட்டைக் குட்டையை நான் அன்று காலையில்தான் பார்த்திருந்தேன். எருமைகள் புரண்டு கிடந்தன.

தர்க்கம் பண்ணினால் சரிவராது. அவர் கொஞ்சம் தள்ளி நிழலில் உட்கார்ந்து வெற்றிலை மடிக்கத் தொடங்கினார். நானும் பக்கத்தில் போய்க் குந்தினேன். “இதெல்லாம் எதால செய்யிற, சாமி?” என்று அவராகவே கேட்டார். நான் உண்மையைச் சொன்னேன்: “கறியுப்பில இரிந்து ஒரு காத்து எடுப்பாங்க. அதைச் சுண்ணாம்பில ஏத்தினா இந்தத் தூள். மிருகக் கொழுப்பு, சாராயம் ஒண்டும் இதில இல்ல.” அவருடைய விரல் சுண்ணாம்பு டப்பாவில் அப்படியே நின்றது. எழுந்து போய்த் தாங்கிக் குழாயைத் திறந்து ஒரு செம்பு பிடித்து, வேலுக்கு முன்னால் கொஞ்சம் தெளித்துவிட்டு, மடமடவென்று குடித்தார். பிறகு வரிசையைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டு என்னிடம் சொன்னார்: “சுண்ணாம்பெண்டு முதல்லயே சொல்லியிருந்தா வெத்திலையோட சேத்துக் குடிச்சிருப்பனே, சாமி.”

இத்தனை வருசத்தில் நான் கண்டுகொண்டது இதுதான்: தண்ணீரைச் சுத்தமாக்க மருந்து உண்டு, நெருப்பு மூட்ட மருந்து உண்டு, தாகத்தோடு வருகிற மனிசரைக் கொஞ்சம் பொறுக்க வைக்கத்தான் எந்தப் பார்மசியிலும் ஒரு மருந்து கிடைக்கவில்லை.