கப்பலும் யானையும்

வில்லை சேர்க்கும் வியாதி பிடித்த சகோதரர்களே, நல்ல காசைக் கொடுத்துச் செல்லாத காசை வாங்கி வருபவனை வீட்டில் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டுமா? போன நூற்றாண்டில் துறைமுகத்து வியாபாரிகள் சுமைகூலிகளுக்குக் காசுக்குப் பதிலாகக் கொடுத்த செப்பு வில்லைகள்தாம் என் பைத்தியம். அதிலும் ஒன்று: முன்பக்கம் ஒரு கம்பெனியின் கப்பல், பின்பக்கம் அதன் போட்டிக் கம்பெனியின் யானை. அச்சடித்தவன் அச்சை மாற்றிப் போட்டுவிட்டான், மகராஜன்! அப்படி ஒன்று இருப்பதாகக் கேள்விப்பட்டு ஆறு வருஷம் அலைந்தேன்.

பெருங்காயக் கடை

ராயபுரத்தில் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் பெருங்காயம் நிறுக்கத் தராசுத் தட்டில் வில்லை போடுகிறார். எட்டிப் பார்த்தேன், நான் தேடியது இல்லை. ஆனாலும் கை அரித்தது. ஒரு ரூபாய் என்றேன், இரண்டு என்றேன். அவர் நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"வேணும்னா பெருங்காயம் வாங்கும். எடைக்கல்லக் கேட்டா நான் எத வச்சி நிறுக்க?"

உப்பு வண்டி

எனக்குப் பேசின் பிரிட்ஜ் கூட்ஸ் ஆபீசில் உத்தியோகம். வில்லை நினைப்பில், அரக்கோணம் போகவேண்டிய வண்டியில் எண்ணூர்ச் சீட்டை ஒட்டிவிட்டேன். ஒரு வண்டி உப்பு, வந்த உப்பளத்துக்கே திரும்பிப் போனது. ஹெட்கிளார்க்கிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"ஏன் ஓய், நீர் மாத்தி ஒட்டினா அபராதம், அவன் மாத்தி அடிச்சா பொக்கிஷமா?"

நெட்டுக்குப்பம்

எண்ணூர்க் கழிமுகத்தில் ஒரு மீனவர் குப்பம். அங்கே அண்ணன் தம்பி இருவருக்கு ஒரே படகு. மீனை இரண்டு குவியலாகப் போட்டு, யாருக்கு எது என்று வில்லையைச் சுண்டுவார்கள். "கப்பலா, ஆனையா?" என்ற குரல் கேட்டதும் ஓடிப்போய்க் குனிந்து பார்த்தேன். அதேதான்! பத்து ரூபாய் கொடுத்தேன். விற்றார்கள், ஒரு நிபந்தனையோடு: பங்கு பிரிக்கும்போதெல்லாம் நானே வந்து சுண்டவேண்டும். சந்தோஷத்தில் எதற்குத்தான் தலையாட்டமாட்டேன்?

மூன்றாம் நாள், எங்கே கீறல் விழுமோ என்ற பயத்தில் நகம் படாமல் சுண்டினேன். வில்லை உருண்டு கழிமுகச் சேற்றுக்குள் போய்விட்டது. குப்பமே இறங்கித் துழாவியது. நான் வெட்கத்தை விட்டு அழுதேன். கடைசியில் தம்பிதான் கால் விரலால் கிளறி எடுத்தான். கழுவினான், திருப்பித் திருப்பிப் பார்த்தான், தன் இடுப்பிலேயே முடிந்துகொண்டான்.

"அழுவாத சாரு, பத்திரமா கீது. உன் கை சரியில்ல, எங்ககிட்டயே இருக்கட்டும். எப்ப வோணா வந்து பாத்துகினு போ."

ஆக, என் சேகரிப்பிலேயே அபூர்வமான வில்லை தினம் மீன் பங்கு பிரித்துக்கொண்டிருக்க, பெட்டியில் அதற்காக வெட்டிய வெல்வெட் குழியை நான் தூசு தட்டிக்கொண்டிருக்கிறேன்.