என்ர நடைக்கு மகன் வைச்ச பேர்

எனக்கு வயது எழுபத்தாறு. ஐஞ்சு பிள்ளையளை வளர்த்தனான். அதில கடைசி மகனுக்குத்தான் இங்கிலீசு நல்லா வாய்ச்சது. துணுக்காயிலயிருந்து மல்லாவிக்கு, இங்கிலீசு வகுப்புக்கு அவனைச் சைக்கிளில ஏத்திக்கொண்டு போனது நான்தான். அந்த இங்கிலீசை என்ர முகத்துக்கு முன்னாலேயே எனக்கு ஒளிக்கப் பாவிப்பான் எண்டு ஆர் கண்டது?

தைப்பூசத்துக்கு முதல் நாள் பின்னேரம் குசினியில அடுப்படியில இருந்து அரிவாளுக்கு எண்ணெய் பூசிக்கொண்டிருந்தன். விடிஞ்சால் புது நெல்லில புதிர் எடுக்கிற நாள். வீட்டுக்கு மூத்தவை கிணத்தடியில தோய்ஞ்சு, வயலுக்குப் போய், கிழக்குப் பார்த்து நிண்டு முதல் கதிரை அறுத்துத் தலையில வைச்சுக்கொண்டு வரவேணும். என்ர மனிசன் செத்துப் போன பிறகு இந்த வீட்டில அது என்ர கை. கொழும்பிலயிருந்து குடும்பத்தோட வந்து நிண்ட மகன், தேத்தண்ணியோட கதவடியில நிண்டு பெண்சாதியிட்ட இங்கிலீசில ஏதோ சொன்னான். மருமகள் சிரிச்சா. பொண்டரஸ்லி எண்ட ஒரு சொல் மட்டும் என்ர காதில விழுந்தது. என்னைப் பார்த்துக்கொண்டு சொன்னபடியால் அதை நான் விடேல்ல. வாய்க்குள்ள வைச்சிருந்தன்.

விடியப்புறம் நான் தோய்ஞ்சிட்டு வர, அரிவாளும் இல்லை, வீட்டு மோட்டச்சைக்கிளும் இல்லை. ஈரத் தலையோட வாசல் படலையடியில நிண்டன். வெயில் ஏற முதல் மகனும் மருமகளும் வந்து இறங்கிச்சினம். கதிர்க்கட்டு மருமகளின்ர மடியில. வந்த வேகத்தில பாதி நெல்மணி ரோட்டில.

"ஏனம்மா ஒரு மாதிரி நிக்கிறியள்? உங்களுக்குக் கரைச்சல் வேண்டாம் எண்டுதான் நாங்கள் போனனாங்கள்."

"தலையில வர வேண்டியது மடியில வருது. வடிவாய்த்தான் கிடக்கு" எண்டன்.

மத்தியானம் அவன்ர மகளைப் பிடிச்சன். நேற்று அவளும் கதவடியில நிண்டவள்.

"நேற்று உன்ர அப்பா பொண்டரஸ்லி எண்டவர். என்ன அது?"

"அது பாரமா, ஆறுதலா, மெல்ல மெல்ல அசையிறது அப்பம்மா. யானை நடக்கிற மாதிரி."

"மனிசருக்கும் சொல்லுறதோ?"

"சொல்லுறது. ஆனா நல்ல மாதிரி இல்லை. அலுப்படிக்கக் கதைக்கிற ஆக்களுக்கும் சொல்லுவினம்."

"அப்ப உன்ர அப்பாவுக்கும் பொருந்தும். அவர் சொன்னதை முழுக்கச் சொல்லு."

பிள்ளை நிலத்தைப் பார்த்தாள். "'அம்மா அப்பிடி நடந்து போய்ச் சேர மத்தியானமாகீடும். அவா வெளிக்கிட முதல் நாங்கள் போய் வெட்டுவம்' எண்டவர்."

முழங்கால் நோதான். இல்லை எண்டு நான் ஒருக்காலும் சொல்லேல்ல. ஆனால் புதிரைத் தலையில வைச்சால் ஒரு மணி உதிராமல் நடக்கவேணும், அதில ஓடி வந்த ஆள் இந்தக் குடும்பத்தில இல்லை. சண்டைக்குப் பயந்து ஊர் விட்டுப் போன காலத்தில இவனை இடுப்பிலயும் மூட்டையைத் தலையிலயும் வைச்சுக்கொண்டு நடந்தனான். அண்டைக்கு என்ர பாரம் இவன்தான்.

அரிவாளைத் தாங்கோ எண்டு தமிழில கேட்டிருந்தால் குடுத்திருப்பனோ? மாட்டன். ஆனால் மாட்டன் எண்டு சொல்ல எனக்கொரு வாய் இருந்திருக்கும். அதையும் களவெடுத்துப் போட்டான்.

புதிர்ச்சோறு எனக்கும் போட்டவை. தொடேல்ல.

அதுதான் எனக்குத் தெரிஞ்ச எழுத்தில இதை எழுதினனான். இந்தா பிள்ளை, பிழையைத் திருத்தாமல் அப்பிடியே வாசி. உன்ர அப்பா விறாந்தையில இருக்கிறார். அவருக்குக் கேக்கத் தக்கதா வாசி.