ஓடாத லாரிக்குப் பத்து லிட்டர்

முந்தாநாள் காலை, ராஜபாளையம் பஸ்ஸின் கண்டக்டர் எங்கள் பள்ளி வாசலில் இறங்கிச் சொல்லிவிட்டுப் போனார்: மரகதம் டீச்சர் காலமாகிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்களோடு பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுத்தவர். போன வருடம்தான் ஓய்வு பெற்றார். எனக்கு அழுகையை முந்திக்கொண்டு கோபம் வந்தது.

அவருடைய தம்பி செல்வம் ராஜபாளையத்தில் ஒரு லாரி ஷெட்டில் டிரைவர். எண்பதுகளில், டீசலைத் திருடி விற்றதாகப் பழி போட்டு அவரை விரட்டினார்கள். டீச்சர் தம்பியை உட்காரவைத்து, போன ஊர்களையும் ஷெட்டில் எழுதிய டீசல் செலவையும் கேட்டுக் கேட்டு வரைபடத்தாளில் புள்ளி வைத்தார். புள்ளிகள் ஒரே நேர்கோட்டில் விழுந்தன. ஆனால் கோடு பூஜ்யத்தில் தொடங்கவில்லை. பத்து லிட்டர் டீசலின் விலையில் தொடங்கியது. மதுரைக்குப் போனாலும் சென்னைக்குப் போனாலும் அதே பத்து லிட்டர்தான் கூடுதல். வண்டி நகரும் முன்பே, ஊற்றாமல் எழுதிய டீசல் அது. எழுதியவர் ஷெட் மேனேஜர்.

டீச்சர் தாளை முதலாளியிடமே நீட்டினார். மேனேஜர் முதலாளியின் மச்சான் அல்லவா, தாள் கசங்கித் திரும்பி வந்தது. செல்வம் அவமானம் தாங்காமல் பூனாவுக்குப் போய்விட்டார்.

அதற்குப் பிறகு எங்கள் பள்ளி மாதத் தேர்வில் வருடம் தவறாமல் ஒரு கேள்வி வந்தது. 'ஒரு லாரிக்கு, ஓடும் தூரத்துக்கான டீசலோடு, ஷெட்டில் நிற்கும்போதே பத்து லிட்டர் செலவு எழுதப்படுகிறது. வரைபடம் வரைக. அந்தப் பத்து லிட்டரைக் குடித்தது யார்?' கடைசி வரிக்கு மதிப்பெண் கிடையாது. பிள்ளைகள் வீட்டில் போய்க் கேட்டார்கள், ஊர் சிரித்தது. உள்ளூரிலேயே குடியிருந்த மேனேஜரின் மகளும் ஒரு வருடம் அந்தக் கோட்டை வரைந்து, அப்பாவிடம் விடை கேட்டாள். டீச்சர் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டார். பிள்ளை மேல் அவருக்கு என்ன கோபம்?

மறுநாளே மேனேஜர் எங்கள் ஆசிரியர் அறைக்கு வந்து நின்றார்.

"அந்தக் கணக்க மட்டும் எடுத்திருங்க டீச்சர். வெளிய தலகாட்ட முடியல."

"எந் தம்பி திருடலன்னு ஷெட்டுல நாலு பேர் முன்னால சொல்லுங்க. பொறவு எடுத்திருதேன்."

அவர் சொல்லவில்லை. டீச்சரும் எடுக்கவில்லை.

நேற்று டீச்சர் வீட்டுக்கு அந்த மேனேஜர் ரோஜா மாலையோடு வந்தார். உடம்புக்கு முடியவில்லை என்று கேள்விப்பட்டு முன்பே வந்திருந்த செல்வம், அக்காவின் காலடியில் உட்கார்ந்திருந்தார். நான் வழியை மறித்தேன்.

"டீச்சர் கேட்டதச் சொல்லிட்டு மாலையப் போடுங்க."

செல்வம் நிமிர்ந்து பார்த்தார். மேனேஜர் தலை குனிந்து, மாலையோடு திரும்பிப் போனார். எனக்குத் துளியும் வருத்தமில்லை.

இப்போது பத்தாம் வகுப்புக் கணக்கு என் பொறுப்பு. அடுத்த மாதத் தேர்வுக்குக் கேள்வி எழுதிவிட்டேன். அந்த லாரி ஷெட்டில்தான் நிற்கிறது, டீச்சர். நீங்கள் நிம்மதியாகப் போய் வாருங்கள்.