வளையம் வைக்க மறுத்த கை

நகை செய்யும் என் சிநேகிதர் கலியபெருமாள் ஆசாரி போய்ச்சேர்ந்துவிட்டார் என்று சிதம்பரத்திலிருந்து போன் வந்தபோது கடலூர் பஸ் நிலையத்தில் நின்றிருந்தேன். திருவந்திபுரம் போக இருந்தவன் சிதம்பரம் வண்டியில் ஏறினேன். எனக்கு எழுதத் தெரியாது. சொல்லித்தான் எழுத வைக்கிறேன். அவரை அறிந்தவர்கள் படித்துவிட்டுக் கோபப்பட்டாலும் பரவாயில்லை.

என் மகள் கல்யாணத்துக்கு, அப்பா காலத்திலிருந்து வீட்டில் இருந்த ராஜா தலை போட்ட பவுன் காசைக் கொடுத்தேன். அதில் வளையம் பற்றவைத்துச் சங்கிலியில் கோக்கவேண்டும் என்றார் குமராட்சிச் சம்பந்தியம்மா. ஆசாரி காசை விளிம்பில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த வருஷத்துக் காசு லேசுல கெடைக்காதும்மா. நிறுத்தா ஒரு வெல, காசு சேக்கிறவன் பாத்தா ஒரு வெல. பொடி வச்சு ஊதி வளையத்தப் பத்தவச்சுட்டா நிறுத்த வெலதான் நிக்கும். வேற பதக்கம் செஞ்சு தரேன்."

"அப்ப இத பொட்டில வச்சு பூசை பண்றதா? முடியுமா முடியாதா, ஆசாரியாரே?"

"முடியும். செய்ய மாட்டேன்."

"பொண்ணு கழுத்துல ஏறுறத வேணாங்கிறீங்க. நல்ல வாய்தான்."

வேறு கடையில் வளையம் வைத்துக்கொண்டார்கள்.

சில வருஷம் கழித்து, தங்கம் தாறுமாறாக ஏறிய சமயம், லோடு ஆட்டோ வாங்க மருமகன் அதை விற்கப் போனார். புதுச்சேரியில் பழைய காசு சேர்ப்பவர் ஒருவர் ஆசையோடு கையில் வாங்கினார்; வளையத்தைக் கண்டதும் கீழே வைத்துவிட்டார். தராசு விலைக்குத்தான் போனது.

சம்பந்தியம்மா தன்னை நொந்துகொள்ளவில்லை. "அன்னிக்கே அந்த ஆசாரி வாய் வச்சான், அதான் வெளங்காம போச்சு" என்று ஊரெல்லாம் சொன்னார். அதோடு ஆசாரியிடம் தாலி செய்ய ஒருவரும் வரவில்லை. தாலி செய்யக் கூடாதவர் என்று பேர் எடுத்த ஆசாரிக்கு ஒடிந்த மூக்குத்தியும் தோட்டுத் திருகும் சரிசெய்யும் வேலைதான் மிஞ்சியது. நான் கொதித்தேன்.

"வுடு மச்சான். நல்ல காசு அழிஞ்சுபோச்சு, அதுக்கு வருத்தப்படு" என்றார் ஆசாரி.

சாவு வீட்டுக்கு அதே அம்மா ரோஜா மாலையோடு வந்தார். "கைராசிக்காரரு. எங்க வீட்டுத் தாலி அவுரு செஞ்சதுதான்" என்று அழுதார்.

"உங்க சின்னப் பையன் கல்யாணத் தாலிய மட்டும் ஏன் கடலூர்ல செஞ்சீங்க? வாய் வச்சாருன்னு சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"சாவு வூட்ல என்ன பேச்சு இது, சம்பந்தி?"

மூலையில் கிடந்த ஆசாரியின் மனைவி எழுந்து உட்கார்ந்தார். "இன்னொரு தடவ சொல்லுங்கண்ணே. எல்லாரும் கேக்கட்டும்."

சொன்னேன். வாசலில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி சொன்னேன். இப்போது எழுத்திலும் சொல்லியாயிற்று.

ஊதுகுழலும் குறடும் அவர் மகனிடம் இருக்கின்றன. அந்த மனிதர் கடைசிவரை படாமல் விட்ட கோபத்தை நான் எடுத்துக்கொண்டேன்.